சொல்லாமல் வரும் ஒத்திகை

ஜனவரி 12

அன்புள்ள ஒட்டடைக்கு,

நலமா? நான் நலம், என் எடை அதைவிட நலம். போனில் பேசினால் பாதியில் உனக்கு ஒரு ஆபரேஷன் வந்துவிடுகிறது, நான் மயக்க மருந்து கொடுக்க வேண்டிய ஒரு ஆள் வந்துவிடுகிறார். அதனால் நீ ஆண்கள் ஹாஸ்டலிலும் நான் பெண்கள் ஹாஸ்டலிலும் இருந்த காலத்து வழக்கப்படி கடிதமே மேல் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பயிற்சி. அதற்காக முதல் நாளே கறிக்கடைக்குப் போய் ஆட்டு மூச்சுக்குழாய் ஒரு பை நிறையக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஏம்மா, போன தடவையும் இதையேதான் வாங்கிட்டுப் போனீங்க. இதுல என்னம்மா கறி இருக்கு?"

"சமைக்க இல்லைங்க. டாக்டருங்களுக்கு அறுக்கக் கத்துக் குடுக்க."

"அறுக்கவா? எங்கிட்ட அனுப்புங்க. நாலே நாள்ல ஆளாக்கி விட்டுடறேன்."

மூச்சுக்குழாய் மேல் பிளாஸ்திரி ஒட்டித் தோலாக்கி, மேசைக்கு ஒன்றாக வைத்துவிட்டு என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். முகமூடி வைத்து ஊதினால் காற்று போகவில்லை, வாய் வழியாகக் குழாயும் நுழையவில்லை என்றால், ஆள் நீலமாவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். குரல்வளை மேட்டிலிருந்து விரலைக் கீழே இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். வழி அங்கேதான். கத்தி, வழிகாட்டும் குச்சி, குழாய். சாமான் மூன்றுதான், மூன்றும் வார்டுச் சிவப்புப் பெட்டியில் முத்திரையோடு இருக்கும், கையில் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் வாயில். "இனி கழுத்துதான்" என்று யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். பெரிய டாக்டரோ, போன மாதம் சேர்ந்த நர்ஸோ, யார் சொன்னாலும் சரி. சொல்லியாகிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. இதை நான் நெஞ்சு உருகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு இளம் டாக்டர் எழுந்து, "கழுத்தறுக்கத் தனியா க்ளாஸ் எதுக்கு மேடம்? எங்க சீஃப் மீட்டிங்ல தினம் அதைத்தானே பண்றாரு" என்றான். சீஃப் அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாவம், நல்ல பையன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆஸ்பத்திரியைப் பயிற்சி மையமாக்கக் கேட்டிருக்கிறாயே, அதைப் பார்த்துவரப் பயிற்சிக் குழு என்னைத்தான் அனுப்புகிறது. வரும் வியாழக்கிழமை, எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கிற நேரத்தில், சொல்லாமல் ஒத்திகை நடத்தப் பொம்மையோடு வார்டுக்குள் நுழைவேன். விதி உனக்குத் தெரியும். நிஜ நோயாளிகளுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொள்ள, ஆஸ்பத்திரியில் ஒரே ஒருவருக்கு மட்டும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நீ. வாயைத் தைத்துக்கொள். நூலும் ஊசியும் உன்னிடமே இருக்கும்.

என் வீட்டுக்காரர் கழுத்தில் ஒரு கட்டி வளர்கிறது. தைராய்டுதான். காலர் பட்டன் போட முடியவில்லை. சட்டைதான் சுருங்கிவிட்டது என்று சாதிக்கிறார். நீ ஒரு தடவை பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தையும் வாங்கிப் படித்து, சிவப்புப் பென்சிலால் திருத்தித்தான் உறையில் போட விடுவார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தியவருக்கு மனைவியும் ஒரு புரூஃப்.

இப்படிக்கு,
பூசணி


ஜனவரி 16

அடி பூசணி,

கடிதம் வந்தது. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துத் தியேட்டர் நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தலைமை மருத்துவர் ஆனதிலிருந்து என்னை யாரும் ஒட்டடை என்று கூப்பிடுவதில்லை. நீ கூப்பிட்டால்தான் எனக்கு எலும்பும் தோலுமாய் இருந்த பழைய உடம்பு ஞாபகம் வருகிறது. இப்போது தொப்பையில் டம்ளர் வைக்கலாம்.

வியாழக்கிழமைதானே, தாராளமாக வா. என் வாயில் பூட்டு. உன் கொள்கைப் பிடிப்பு எனக்குத் தெரியாதா? உடற்கூறு பரீட்சைக்கு முந்தின நாள் "கேள்வி கிடைச்சுடுச்சுடி" என்று நான் ஓடி வந்தபோது, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடியவள் நீ. அந்தப் பரீட்சையில் எனக்குத்தான் மார்க் கூட.

ஆஸ்பத்திரி முதலாளி பயிற்சி மையப் பலகையை எழுதியே வைத்துவிட்டார். வாசலில் துணி போட்டு மூடியிருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் யாருக்குச் சிலை என்று கேட்கிறார்கள்.

மாப்பிள்ளையை அழைத்து வா. வேறு யாரிடமும் காட்டாதே. என் கையாலேயே எடுத்துவிடுகிறேன். அவர் கழுத்து என் கழுத்து மாதிரி.

உன்,
ஒட்டடை


ஜனவரி 24

அன்புள்ள ஒட்டடைக்கு,

உன்னைத் திட்டவே வழியில்லாமல் செய்துவிட்டாய். இத்தனை ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய எனக்கு இப்படி ஒன்று அமைந்ததே இல்லை. மற்ற இடங்களில் பொம்மையைக் கட்டிலில் போட்டு மணி அடித்தால் முதலில் ஒருவரையொருவர் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், அப்புறம் "இன்சார்ஜ் சாப்பிடப் போயிருக்காங்க" என்பார்கள். உன் வார்டில் மணி ஓய்வதற்குள் வலப்பக்கம் டியூட்டி டாக்டர், இடப்பக்கம் வார்டு சிஸ்டர், கால்மாட்டில் சிவப்புப் பெட்டி. சிஸ்டர் கணீரென்று "இனி கழுத்துதான்" என்றார். ஒரு நிமிஷத்துக்குள் குழாய் உள்ளே போய்விட்டது. சாப்பாட்டு வேளையில் ஒரு பாத்திரம்கூடத் திறந்திருக்கவில்லை! என்ன கட்டுப்பாடு! பெட்டியின் முத்திரைகூட முன்னாலேயே உடைத்துத் தயாராக இருந்தது. இந்த முன்யோசனையை எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அறிக்கையில் உன்னை வானத்துக்குத் தூக்கியிருக்கிறேன். தலை இடித்துக்கொள்ளாதே.

வீட்டில் வந்து கதைகதையாகச் சொன்னேன். கட்டியை எடுக்கப் பயந்து ஆறு மாதமாகச் சாக்கு சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த சிஸ்டர் இருக்கற ஆஸ்பத்திரின்னா கழுத்தை நீட்டலாம்" என்றார். உன்மேல் நம்பிக்கை வந்து அல்ல, ஏமாறாதே. சிஸ்டர்மேல்தான்.

எப்போது அழைத்து வரட்டும்?

இப்படிக்கு,
பூசணி


பிப்ரவரி 2

அடி பூசணி,

பதினேழாம் தேதிக்குக் கட்டில் ரெடி. மறுநாள் ஆபரேஷன். நீ மனைவியாக வா, மயக்க மருந்து டாக்டராக வராதே. மூலையில் உட்கார்ந்து பழம் உரித்துக் கொடுத்தால் போதும். மற்றதை என் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நீயே சான்றிதழ் கொடுத்த பிள்ளைகள்.

இரண்டாவது ஒத்திகை எப்போது? தோராயமாகச் சொன்னாலும் போதும், நான் ஊரில் இருக்க வேண்டுமே, அதற்காகத்தான்.

உன்,
ஒட்டடை


மார்ச் 11

ஒட்டடைக்கு,

மூன்று வாரமாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. பேச வேண்டியதை அழாமல் சொல்ல எழுத்துதான் சரி. இந்த உடம்பு அழுதால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புதான் வரும்.

ஆபரேஷனுக்கு மறுநாள் மத்தியானம் நீ இல்லை. முதலாளியோடு பலகைத் திறப்பு விழா பற்றிப் பேசப் போயிருந்தாய். என்ன நடந்தது என்று உனக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். மூலையில் பழம் உரித்துக்கொண்டிருந்தவள் பார்த்ததை நீ கேட்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் உங்கள் ஆஸ்பத்திரி விளம்பரத் தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். பென்சிலைக் கீழே வைத்தார். காலரைத் தளர்த்துவது போலக் கழுத்துக்குக் கை போனது. காலர் இல்லை, கட்டுதான் இருந்தது. கட்டுக்கு அடியில் கழுத்து உப்பிக்கொண்டு வந்தது. உள்ளே ரத்தம் கசிந்து மூச்சுக்குழாயை நெரிக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மணியை அழுத்திக் கத்தினேன். உன் சிஸ்டர் வந்தார், டியூட்டி டாக்டர் வந்தார். நான் "மூச்சு அடைக்குது, வாங்க, வாங்க!" என்றேன்.

சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கிண்டல் சிரிப்பு இல்லை. கண்ணாமூச்சி விளையாட்டில் பிடிபட்ட குழந்தை சிரிக்கும் பார், அந்த மாதிரி. "மேடம், இன்னிக்கா? எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். டியூட்டி டாக்டர் கட்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொம்மை எங்க மேடம்?" என்று கேட்டார்.

பொம்மையைத் தேடினார், ஒட்டடை. கட்டிலில் என் வீட்டுக்காரர் நீலமாகிக்கொண்டிருந்தார்.

"சிவப்புப் பெட்டி!" என்றேன்.

"ட்ரெயினிங் ரூம்ல பூட்டியிருக்கு மேடம். ஒத்திகைக்கு முந்தின நாள்தான் வார்டுக்கு எடுத்து வருவோம்."

கட்டு பிரிக்கும் கத்தரிக்கோலால் நீ போட்ட தையலை நானே வெட்டினேன். உறைந்த ரத்தம் வெளியே வந்தது, மூச்சு வரவில்லை. முகமூடியில் காற்று போகவில்லை. டியூட்டி டாக்டர் வாய் வழியாக முயன்றார், உள்ளே வீங்கிக் கிடந்ததில் குழாய் போகவில்லை. மறுபடி முயன்றார். மறுபடியும். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தை தெரியும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. நான் சொன்னேன். என் புருஷன் கழுத்தைப் பார்த்து, "இனி கழுத்துதான்" என்று நானே சொன்னேன். புண் துடைக்கும் தட்டில் ஒரு கத்தி இருந்தது. வழிகாட்டும் குச்சி இல்லை, அதனால் சுண்டு விரலை உள்ளே விட்டு வழி பிடித்து அதன் மேலாகக் குழாயைத் தள்ளினேன். காற்று உள்ளே போனது, நெஞ்சு ஏறி இறங்கியது. அப்புறம் குளியலறைக்குப் போய் ரத்தத்தைக் கழுவினேன்.

நடைபாதையில் அந்த சிஸ்டர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் அதட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. அவராகவே சொன்னார்.

"சார் முந்தின நாளே சொல்லிட்டாரு மேடம். யாரு எந்தப் பக்கம் நிக்கணும், யாரு என்ன பேசணும், எல்லாம். செஞ்சும் பாத்துக்கிட்டோம். அன்னிக்குச் சாப்பாட்டைக்கூட முன்னாடியே முடிச்சுட்டோம். நாங்க நல்லா செய்யறோம்னுதான் மேடம் நெனச்சோம். நெஜமா ஒண்ணு வந்தா சார் பக்கத்துல இருப்பாருன்னு நெனச்சோம்."

திறக்காத பாத்திரத்தைப் பார்த்துக் கட்டுப்பாடு என்று எழுதிக் கொடுத்த மேதாவி நான். என்னைவிட அந்தக் கறிக்கடைக்காரர் கெட்டிக்காரர், சந்தேகமாகவாவது பார்க்கத் தெரிந்தது அவருக்கு.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். கழுத்துக் காயம் ஆறிவிட்டது. குரல் தகரத்தில் கல் உரசுவது போல வருகிறது, அது போகட்டும். காற்றில்லாமல் கிடந்த அந்தச் சில நிமிஷம் தலைக்குள் எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடுகிறார். நேற்று ஒரு பக்கம் எழுதி, வேண்டுமென்றே முதல் வரியில் மூன்று பிழை வைத்து அவரிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சுத்தமா இருக்கு" என்றார்.

உன்னிடம் ஒரே கேள்வி. ரத்தம் ஏன் கசிந்தது என்று கேட்கவில்லை, அது யார் கையிலும் வரும். தேதியை நீ அவர்களிடம் சொன்னாயா, இல்லையா? ஒரு வரி போதும்.

பூசணி


மார்ச் 19

என் அருமைப் பூசணி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில், மாப்பிள்ளை பிழைத்தாரே, அந்தப் புண்ணியத்துக்கு நன்றி சொல்வோம். உயிர் இருந்தால் மற்றது மெல்ல மெல்ல வரும். நீ வைத்த வெட்டைப் பார்த்தேன். என்ன கச்சிதம்! அதைப் படம் எடுத்தே பாடம் நடத்தலாம்.

சொன்னாயா, சொல்லவில்லையா என்று போலீஸ் மாதிரி கேட்கிறாய். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை. பிள்ளைகளைத் தயார்ப்படுத்தினேன். பரீட்சைக்கு மாதிரி வினாத்தாள் கொடுப்பதில்லையா? உன் முன்னால் அவர்கள் தடுமாறி அவமானப்பட வேண்டாம் என்று நினைத்தேன். தலைவன் என்றால் தன் ஆட்களை விட்டுக்கொடுக்க முடியுமா? இதை எல்லா ஆஸ்பத்திரியிலும்தான் செய்கிறார்கள். நீ கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

உன் மனசு ஆற வேண்டும் என்று அந்த சிஸ்டரைப் படுக்கை விரிப்பு மடித்து வைக்கும் துணி ஸ்டோருக்கு மாற்றிவிட்டேன். இனி நோயாளி பக்கமே வர மாட்டாள்.

இன்னொன்று. குழுவிலிருந்து உன் இறுதி அறிக்கையைக் கேட்டு அனுப்பியிருக்கிறார்களாம். ஜனவரியில் எழுதியதே போதுமே, புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். பிப்ரவரி மாதக் கதை வேறு, அது நம் குடும்ப விஷயம். அடுத்த மாதம் பலகையைத் திறக்கிறோம். முதலாளி என் தலையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. ஹாஸ்டல் காலத்திலிருந்து இருக்கும் நட்பு, ஒரே ஒரு மத்தியானத்தில் போய்விடுமா என்ன?

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
ஒட்டடை


ஏப்ரல் 3

மரியாதைக்குரிய தலைமை மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். 'அன்புள்ள' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் வேடிக்கை எதுவும் இல்லை, தேட வேண்டாம்.

ஜனவரியில் நான் எழுதிய அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். குழுவின் முன்னால் நின்று, நான் ஏமாந்த விதத்தை ஆதியோடந்தமாகச் சொன்னேன். ரத்தக் கசிவு உங்கள் குற்றம் அல்ல என்றும் சொன்னேன். நான் அறிக்கை எழுதிய மற்ற ஆஸ்பத்திரிகளையும் மறுபடி போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் செய்கிறார்கள் என்று தாங்கள் எழுதியது அந்த வகையில் உபயோகமாக இருந்தது.

உங்கள் ஆட்களை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. மூச்சு நின்ற ஒரு மனிதனை அவர்கள் கையில் கொடுத்து, பயிற்சி வாங்கியவர்கள் என்று அவர்களையும் நம்ப வைத்து, தாங்கள் பலகைத் திறப்பு பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். பிறகு அழுதவரைத் துணி மடிக்க அனுப்பினீர்கள். அதை என் மனசு ஆறுவதற்காக என்று சொல்லாதீர்கள்.

இத்தனையும் பொறுத்துக்கொள்ள ஒரு வழி கிடைக்குமா என்று நான் தேடிப் பார்த்தேன். நட்புக்காகத்தான். கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் தொண்டையிலேயே நிற்கிறது. ஒத்திகை பொய் என்று தெரிந்தது உங்களுக்கு மட்டும். அந்தப் பொய்யை நம்பித்தான் நான் அவரை அழைத்து வருகிறேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். என் கடிதத்திலேயே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "கட்டில் ரெடி" என்று எழுதினீர்கள். "பூசணி, இங்கே வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். காரணம்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் இன்னும் பாதிப் பெயர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். என் அக்காவைப் பக்கத்து வீட்டம்மா என்கிறார். உங்கள் பெயரை மட்டும் தடுமாறாமல் சொல்லி, "ஒட்டடை ஏன் பாக்க வரலை?" என்று கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வர வேண்டாம்.

இனி குழுவின் முடிவு. உங்கள் ஆஸ்பத்திரிக்கு மையம் என்ற பெயர் இப்போது கிடையாது. பயிற்சி முதலிலிருந்து தொடங்கும், நானே வந்து நடத்துவேன், ஏனென்றால் அந்த வார்டில் நாளையும் யாருக்காவது மூச்சு அடைக்கும். வார்டு சிஸ்டரைத் திரும்ப வார்டுக்கு மாற்றிய பிறகுதான் தொடங்கும். சிவப்புப் பெட்டி பூட்டில்லாமல் வார்டிலேயே இருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒத்திகை. விதிப்படி உங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு மட்டும் தேதி தெரிந்திருக்கும். அந்த ஒருவர் இந்தத் தடவை சிஸ்டர். துணி ஸ்டோருக்கே போய்க் கேட்டேன், சம்மதித்தார். "சார் கேட்டா என்ன மேடம் செய்யறது?" என்று மட்டும் பயந்தார்.

"கேப்பாரு. நீங்க வேலையைப் பாருங்க" என்றேன்.

"அவரு பெரியவராச்சே மேடம்."

"அன்னிக்கு மணி அடிச்சா அவரும்தான் ஓடி வரணும். எந்தப் பக்கம் நிக்கறதுன்னு வந்து யோசிக்கட்டும்."

இக்கடிதத்துக்குப் பதில் தேவையில்லை.

இப்படிக்கு,
மயக்க மருந்து மருத்துவர்,
பயிற்சிக் குழு